கேபிள் இல்லாமல் டிவி: ராமநாதபுரம் கரைக்கு எது பொருந்தும்?

மாதா மாதம் கேபிளுக்குக் கட்டும் பணத்தை நிறுத்திவிட்டு, ஓர் ஆன்டெனாவையோ ஒரு பெட்டியையோ வாங்கி வைத்துக்கொண்டு டிவி பார்க்க முடியுமா என்ற கேள்வி, தொண்டி முதல் மூக்கையூர் வரையிலான கரையோர ஊர்களில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. முடியும். ஆனால் எதை வாங்கலாம் என்று வழிகாட்டும் காணொளிகளிலும் விளம்பரங்களிலும் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அவற்றை அப்படியே நம்பி இங்கே பணம் போட்டால், வாங்கிய பொருள் பரணுக்குத்தான் போகும். இந்தக் கரையின் நிலவமைப்பு, காற்று, உப்பு, மழைக்காலம், நாட்டின் ஒளிபரப்பு விதிகள் ஆகிய எல்லாம் சேர்ந்தே இங்கே எது எடுபடும் என்பதைத் தீர்மானிக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரைவழிச் சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனாவுக்கு இங்கே இனி வேலை இல்லை. மொட்டை மாடியில் ஒரு சிறு டிஷ்ஷும், ஒழுங்கான ஃபைபர் இணைப்பு உள்ள வீடாக இருந்தால் அதனுடன் இணையம் வழியே நிகழ்ச்சிகளைத் தரும் ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டியும் இருப்பதே பொருத்தமான ஏற்பாடு. பெட்டி வந்துவிட்டது என்பதற்காக டிஷ்ஷைக் கழற்றி எறிவது, புயல் வந்து போகும் கரையில் செய்யத் தகாத காரியம்.

முதலில் ஆன்டெனாவைப் பார்ப்போம். நூறு மைல் வரை இழுக்கும், நூறு சேனல் இலவசமாக வரும் என்ற வாசகங்களுடன் தகடு போன்ற சிறு ஆன்டெனாக்கள் இணையக் கடைகளில் விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் அந்த வாசகத்துக்கு ஓரளவு பொருள் உண்டு. அங்கே ஒவ்வொரு பெரிய ஊரிலும் தனியார் நிலையங்கள் தங்கள் நிகழ்ச்சிகளைக் கோபுரங்களிலிருந்து டிஜிட்டல் வடிவில் இலவசமாக ஒளிபரப்புகின்றன. சன்னலோரம் ஓர் ஆன்டெனாவை ஒட்டினால் செய்தியும் விளையாட்டும் நாடகமும் வந்துவிடும். பிரிட்டனில் ஃப்ரீவியூ என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. இந்தியாவில் கோபுரத்திலிருந்து தரைவழியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் உரிமை தூர்தர்ஷனிடம் மட்டுமே இருந்துவருகிறது. தனியாரையும் சேர்த்து டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைக் கொண்டுவரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியில் பரிந்துரைத்தும், அது நடைமுறைக்கு வரவில்லை. தூர்தர்ஷனே 2016-ல் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையைச் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தொடங்கியது. அந்தப் பட்டியலில் நம் பக்கத்து ஊர் எதுவும் இல்லை. எனவே ஆன்டெனா எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், பிடிப்பதற்குக் காற்றில் சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் உலோகத் துண்டு.

இதைச் சொல்லும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. ஏனெனில் ஆன்டெனாவின் பலனை இந்தக் கரை அனுபவித்ததுபோல் தமிழ்நாட்டின் வேறு பகுதிகள் அனுபவித்திருக்குமா என்பது சந்தேகமே. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் ராமநாதபுரத்துக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டிலேயே 400 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அந்தச் சிக்னல் இங்கே வர வழியே இல்லை. 1979-ல் இலங்கையில் ஐ.டி.என். என்ற தொலைக்காட்சி தொடங்கியது, 1982 பிப்ரவரியில் அந்நாட்டின் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் ஒளிபரப்பு தென்மாவட்டங்களுக்கு வந்து சேரும் முன்பே, ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் டிவி வாங்கியவர்கள் உயரமான இரும்புக் குழாயின் உச்சியில் யாகி ஆன்டெனாவைக் கட்டி, அதன் முகத்தைக் கிழக்கே திருப்பி, நடுவில் ஒரு பூஸ்டரையும் போட்டு ரூபவாஹினி பார்த்தார்கள். வீட்டில் ஒருவர் திரையின் முன் நிற்க, மற்றொருவர் மாடியில் குழாயைத் திருப்பிக்கொண்டே "இப்ப தெரியுதா?" என்று கேட்கும் குரல், அந்தத் தலைமுறையினர் அனைவருக்கும் நினைவில் இருக்கும்.

அந்தச் சிக்னல் வந்த விதம் அறிவியல் நோக்கில் மிகச் சுவையானது. தொலைக்காட்சிக்குப் பயன்படும் அலைகள் பொதுவாகத் தொடுவானத்தைத் தாண்டிச் சிறிது தூரமே செல்லும். எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை கிடைக்கும். பெறும் ஆன்டெனாவின் உயரத்துக்கும் அதேபோல் கணக்கிட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். வீட்டு ஆன்டெனா தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் பங்கு 12 கிலோமீட்டர்தான். இலங்கைக் கோபுரங்களின் பங்கையும் சேர்த்துப் பார்த்தால்கூட, உள்நாட்டின் நடுவே நிற்கும் ஒரு கோபுரத்தின் சிக்னல் பாக் நீரிணையைத் தாண்டிக் கீழக்கரைவரை வருவதற்கு இந்தக் கணக்கு இடம் தராது. ஆனாலும் வந்தது. காரணம் கடல். நிலத்தின் மேல் சூடேறி உலர்ந்த காற்று, கடலை ஒட்டிய ஈரமான குளிர்ந்த காற்றின் மேல் வந்து படியும்போது, உயரம் கூடக்கூட ஈரம் வெகு வேகமாகக் குறையும் ஒரு அடுக்கு உருவாகிறது. அந்த அடுக்குக்குள் நுழையும் அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து மீண்டும் கடலை நோக்கித் திரும்பி, கரைவரை ஊர்ந்து வருகிறது. காற்றடங்கிக் கடல் அசையாமல் கிடக்கும் வெக்கையான நாட்களின் மாலைவேளையில் படம் தெளிவாக இருந்ததும், கச்சான் காற்று வலுத்து அந்த அடுக்கைக் கலைத்த நாட்களில் திரை முழுக்கப் புள்ளிகள் பறந்ததும் இதனால்தான். இன்றும் அதே அமைதியான மாலைகளில் இலங்கைப் பண்பலை வானொலிகள் கைபேசியிலும் காரிலும் தெளிவாகக் கேட்பது இந்த வளைவின் தயவால்தான்.

ராமேஸ்வரத்தில் நிற்கும் தூர்தர்ஷன் கோபுரம் அந்தக் காலத்தின் இன்னொரு அடையாளம். அதன் உயரம் 323 மீட்டர். நாட்டின் மிக உயரமான கோபுரங்களில் ஒன்று. மேலே சொன்ன கணக்கின்படி அதன் பங்கு மட்டும் 74 கிலோமீட்டர், மாடி ஆன்டெனாவின் பங்கையும் சேர்த்தால் 86. ராமநாதபுரம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கும். சாயல்குடிப் பக்கம் போகும்போது விளிம்பைத் தாண்டிவிடும். மலையே இல்லாத தட்டையான கரைக்கு அவ்வளவு உயரமான கோபுரம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதுவே விடை. ஆனால் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி, முக்கியத்துவம் வாய்ந்த சுமார் 50 இடங்களை விட்டுவிட்டு, நாடெங்கும் உள்ள அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பிகளை 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக மூடுவதென 2021-ல் அறிவித்தது. எங்கேனும் அனலாக் சிக்னல் எஞ்சியிருந்தாலும் அதில் வரக்கூடியது தூர்தர்ஷனின் ஓரிரு சேனல்களே. அவை டிஷ் வழியாக இன்னும் தெளிவாக வருகின்றன. ஆகவே மாடியில் இன்னும் நிற்கும் பழைய ஆன்டெனாக் குழாயைக் கழற்றிவிட வேண்டாம், அதை டிஷ் பொருத்தப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

டிஷ் என்று இங்கே நான் குறிப்பிடுவது மாதச் சந்தா வாங்கும் டிடிஎச் நிறுவனங்களின் டிஷ்ஷை அன்று. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷை. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களுடன் தொடங்கிய இந்தச் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. டிஷ், அதன் முன் நீட்டிக்கொண்டு நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி., வயர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒருமுறை சுமார் 2,000 ரூபாய் செலவழித்தால் அதோடு முடிந்தது; ரீசார்ஜ் என்ற பேச்சே இல்லை. சிக்னல் வருவது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏரியான் ராக்கெட்டில் ஏவப்பட்டது அது.

இந்தக் கோளை ராமநாதபுரத்திலிருந்து பார்த்தால், டிஷ் நேர்க்கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 32 பாகை திரும்ப வேண்டும்; வானில் கோளின் உயரம் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 70 பாகை, அதாவது கிட்டத்தட்ட உச்சிக்கு அருகில். டிஷ்ஷைப் பார்ப்பவர்களுக்கு அது அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தோன்றாது. எல்.என்.பி. தட்டின் நடுவில் இல்லாமல் கீழ் விளிம்புப் பக்கமாகத் தள்ளி வைக்கப்படும் வகை என்பதால், தட்டு பார்ப்பதற்குப் பாதிச் சாய்வில் இருப்பதுபோல் தெரிந்தாலும் அது வாங்கும் சிக்னல் மிக உயரத்திலிருந்து வருகிறது. இதனால் நமக்கு இரண்டு நன்மைகள் உண்டு. பக்கத்து வீட்டு மாடிச் சுவர் பெரும்பாலும் குறுக்கே வராது. டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் தென்னைகூட, அதன் ஓலைகளின் வீச்சு டிஷ்ஷிலிருந்து 4 மீட்டருக்கு அப்பால் இருந்தால் தொந்தரவு தராது. இரண்டாவது நன்மை மழையில். இந்த அலைகள் 11, 12 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இருப்பவை. கனமழைத் துளிகள் அவற்றை விழுங்கிவிடும். ஆனால் அலை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு குறைந்த தூரமே அது மழைக்குள் பயணம் செய்ய வேண்டியிருக்கும். தில்லியில் இதே கோள் 52 பாகை உயரத்தில்தான் தெரிகிறது. அங்கிருப்பவர்களைவிட நமக்கு இந்த ஒரு விஷயத்தில் வாய்ப்பு அதிகம். மேலும் இந்த மாவட்டத்தில் மழை என்பதே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு வந்து கொட்டித் தீர்ப்பதுதான். ஆண்டின் மற்ற நாட்களில் மழையால் படம் நிற்பது அபூர்வம்.

டிஷ் பழுதாகிவிட்டது என்று தவறாக எண்ண வைக்கும் இன்னொரு நிகழ்வும் உண்டு. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள், சூரியன் இங்கிருந்து பார்க்கும்போது சரியாக அந்தக் கோளின் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனும் ஒரு பெரிய ரேடியோ இரைச்சல் மூலம் என்பதால் கோளின் மெல்லிய சிக்னல் அதில் அமிழ்ந்துபோகிறது. அந்த நேரத்தில் மாடியேறி டிஷ்ஷைத் திருகத் தொடங்கினால், இருந்த கோணமும் கெட்டுவிடும். கால் மணி நேரம் காத்திருந்தால் படம் தானாகத் திரும்பிவிடும்.

இந்தக் கரையில் டிஷ்ஷுக்கு உண்மையான எதிரி மழையும் அன்று, சூரியனும் அன்று, உப்புதான். மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மாடியில், இரண்டு ஆண்டு ஆன டிஷ்ஷின் எல்.என்.பி. முனையைக் கழற்றிப் பாருங்கள். திருகும் போதே கரகரவென்று இருக்கும். உள்ளே வெள்ளை மாவு போல் ஒரு படிவு. வயரின் நடுச் செப்புக் கம்பி பளபளப்பு இழந்து பச்சை பூத்திருக்கும். சுற்றியிருக்கும் வலைக்கம்பி கை பட்டால் உதிரும். பகலில் படம் வரும். இரவில் பனி இறங்கியதும் அந்தப் படிவு ஈரத்தை இழுத்துக்கொள்ள, சிக்னல் அளவு சரியும், படம் கட்டம் கட்டமாகச் சிதறும். பலர் இதைச் செட்டாப் பாக்ஸின் கோளாறு என்று எண்ணிப் புதுப் பாக்ஸ் வாங்குகிறார்கள். செய்ய வேண்டியது அதுவன்று. கெட்ட முனையிலிருந்து ஒரு சாண் வயரை வெட்டி எறிந்து, கம்பி பளபளப்பாகத் தெரியும் இடத்தில் புதிய கனெக்டரைப் போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகி ஒரே கோடையில் அவிழ்ந்துவிடும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் அதை ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டால், வயரோடு வழியும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகும், பாக்ஸுக்குள் வராது. டிஷ்ஷின் கால் போல்ட்டுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, வாடைக்கு முன், கிரீஸ் தடவ வேண்டும். கடலோரத்தில் டிஷ் நிறுவும் தொழிலாளர்கள் இதையெல்லாம் அறிந்தவர்கள்தான், அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று கேட்டு வாங்கிக்கொள்வது நம் பொறுப்பு.

இனி ஃப்ரீ டிஷ்ஷில் என்ன வருகிறது என்பது. இங்கே ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரிலிருந்து டிடி தமிழ் என்று மாற்றப்பட்ட சேனல் வரும். தூர்தர்ஷனின் மற்ற மொழிச் சேனல்கள், டிடி ஸ்போர்ட்ஸ், கல்விச் சேனல்கள், ஆகாசவாணி நிலையங்கள் வரும். தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்தி. தமிழ் வீடுகளில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் தொடர்களைத் தரும் பெரிய கட்டணச் சேனல்கள் வராது. இதற்குக் காரணம் மொழிப் பாகுபாடு என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஃப்ரீ டிஷ்ஷில் பார்ப்பவர் பணம் கட்டுவதில்லை. மாறாக, இடம் பிடிக்கும் தனியார் சேனல் பிரசார் பாரதியிடம் ஏலம் எடுத்துப் பணம் கட்டுகிறது. அந்தப் பணத்தை விளம்பரத்தில் திரும்ப எடுக்க வேண்டும் என்றால், டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் அந்த மொழி பேசுவோர் பெருந்தொகையாக இருக்க வேண்டும். ஃப்ரீ டிஷ் வேரூன்றியது வட மாநிலக் கிராமங்களில். தமிழ்நாட்டில் கேபிள் தெருவுக்குத் தெரு போய்ச் சேர்ந்திருந்தது; 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கிய பிறகு இலவச டிஷ்ஷைத் தேடும் தேவையும் குறைந்தது. பார்ப்பவர் குறைவு என்பதால் தமிழ்ச் சேனல்கள் ஏலத்துக்கு ஆர்வம் காட்டவில்லை, தமிழ்ச் சேனல்கள் இல்லை என்பதால் பார்ப்பவரும் கூடவில்லை. இந்தச் சுற்றை உடைக்கப் பிரசார் பாரதி தமிழுக்கெனத் தனி ஒதுக்கீட்டுடன் குறைந்த ஏல விலையை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமே இல்லாமல் இருக்கும் ஒரு கரைக்கு, மாதக் கட்டணமில்லாத தமிழ்த் தொலைக்காட்சி ஆடம்பரம் அன்று.

விளையாட்டைப் பொறுத்தவரை ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒரு சட்டப் பலம் இருக்கிறது. நாட்டின் முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட போட்டிகளின் ஒளிபரப்பை, உரிமை பெற்ற தனியார் நிறுவனம் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தப் பகிர்ந்த சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிள் வழியாகக் காட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பட்டியலில் உள்ள இந்திய அணியின் போட்டிகளைக் காசு கொடுக்காமல் பெரிய திரையில் பார்க்கும் வழி அதனால் இதில் திறந்திருக்கிறது. ஐ.பி.எல். அந்தப் பட்டியலில் வராது.

தமிழ்ச் செய்தியும் தொடரும் சினிமாவும் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்ட்ரீமிங் பெட்டி. சாதாரண டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு ஸ்டிக்கையோ ஆண்ட்ராய்டு பாக்ஸையோ செருகி, வீட்டு வைஃபையில் இணைத்தால் போதும். பெரிய தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் நேரலையாக இலவசமாகவே வருகின்றன. 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்கள் கிடைக்கின்றன. தொடர்களுக்கும் படங்களுக்கும் அந்தந்த நிறுவனத்தின் செயலிக்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். கேபிளை விட்டால் செலவு மிச்சம் என்ற கணக்கு இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. டிராய் 2019-ல் கொண்டுவந்த முறையில், கேபிளின் அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. 18 விழுக்காடு வரி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அந்த உச்சவரம்பு 2024-ல் நீக்கப்பட்டாலும், கேபிள் இன்னும் மலிவான வழிகளில் ஒன்றே. 400 ரூபாயை ஒட்டிய ஓர் அடிப்படை ஃபைபர் திட்டம் வரியோடு 470 ஆகிவிடும். அதன் மேல் இரண்டு செயலிகளின் சந்தா. பிள்ளைகளின் படிப்புக்கோ வேலைக்கோ ஏற்கெனவே ஃபைபர் வாங்கிவிட்ட வீட்டுக்கு மட்டுமே பெட்டி உண்மையான சிக்கனம். டிவிக்காக மட்டும் ஃபைபர் வாங்குவது சிக்கனமாகாது.

கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தச் சிறு கணக்கைப் பார்க்க வேண்டும். தெளிவான படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. நாளைக்கு 2 ஜிபி தரும் பேக், ஒரு மணி நேரம் முடியும் முன்பே தீர்ந்துவிடும். படத்தின் தரத்தை மிகக் குறைத்து நொடிக்கு 1.5 மெகாபிட்டில் பார்த்தாலும் மூன்று மணி நேரம்தான். ஒரு குடும்பம் நாளைக்கு நான்கு மணி நேரம் தெளிவான படம் பார்த்தால் மாதம் 270 ஜிபி ஆகும். அதைத் தாங்கக்கூடியது ஃபைபர் மட்டுமே.

பெட்டியை எங்கே வாங்குவது என்பதிலும் கவனம் தேவை. மாதம் சொற்பப் பணத்துக்கு ஆயிரக்கணக்கான சேனல் என்று சொல்லி, திருட்டுச் செயலிகளை முன்பே ஏற்றிக் கொடுக்கும் பாக்ஸ்கள் சந்தையில் உண்டு. அவை பதிப்புரிமைச் சட்டத்துக்கு எதிரானவை என்பது ஒருபுறமிருக்க, வீட்டு வைஃபைக்குள் நுழைந்துவிட்ட, பாதுகாப்புத் திருத்தங்களே வராத ஒரு கணினி அது. அதே வைஃபையில்தான் நம் வங்கிச் செயலியும் ஓடுகிறது. நேர்மையான பாக்ஸாக இருந்தாலும், வைட்வைன் எல்1 என்ற சான்று இல்லாவிட்டால் முறையாகச் சந்தா கட்டிய செயலிகள்கூட மங்கலான படத்தையே தரும். கடைக்காரரிடம் இந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவர்கள் அங்கிருந்தே ஸ்டிக் வாங்கி வருவதுண்டு. அது பழுதான பொருள் அன்று. ஆனால் கணக்கு அந்த நாட்டுக்குரியதாகப் பதிவாகியிருந்தால் இங்குள்ள தமிழ்ச் செயலிகள் சில பட்டியலிலேயே தெரியாது. கணக்கின் நாட்டை இந்தியாவாக மாற்றிய பிறகே அவை வரும்.

நேரலையில் இன்னொரு வேறுபாடும் உண்டு. இணையத்தில் படம் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, சேமிக்கப்பட்டு, பிறகு காட்டப்படுவதால், டிஷ்ஷில் வருவதைவிடப் பல நொடிகள், சில வேளைகளில் அரை நிமிடம்கூடப் பிந்தியே வரும். கிரிக்கெட் நாளில் டிஷ் வைத்த வீட்டில் கைதட்டல் கேட்ட பிறகுதான் பெட்டி வைத்த வீட்டில் பந்து வீசப்படும்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் நிலைமை வேறாகிவிடுகிறது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி, வலுக்குறைந்த நிலையிலும் நகராமல் மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்தை ஒட்டியே நின்றதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்குள் செய்தி வந்து சேரும் வழியில் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரீமிங் பெட்டிக்கு வீட்டில் மின்சாரம் வேண்டும், ரூட்டர் ஓட வேண்டும், தெருக் கம்பத்தில் தொங்கும் ஃபைபர் அறுபடாமல் இருக்க வேண்டும், ஊருக்கு இணைப்புத் தரும் நிலையத்திலும் மின்சாரம் இருக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவுக்கு வரும் கம்பி எதுவாக இருந்தாலும் பாம்பனைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். இதில் ஒன்று போனாலும் திரை இருண்டுவிடும். டிஷ்ஷுக்கு வேண்டியவை வானத்தில் ஒரு கோள், மாடியில் அசையாத ஒரு தட்டு, வீட்டில் சிறிது மின்சாரம். இடையில் கம்பமும் இல்லை, பாலமும் இல்லை. கனமழை கொட்டும் நேரத்தில் படம் நிற்கும். மழை தணிந்ததும் வரும். ஃப்ரீ டிஷ் பாக்ஸ்களில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய எல்.இ.டி. டிவிகளும் கிடைக்கின்றன. வள்ளத்து பேட்டரி கரையேறிக் கிடக்கும் அந்த நாட்களில், வயரின் பிளஸ், மைனஸ் சரிபார்த்து இணைத்தால், மின்வாரியக் கம்பம் சாய்ந்து கிடக்கும் நிலையிலும் வானிலை அறிவிப்பைப் பார்க்க முடியும். கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பினார்களா என்று காத்திருக்கும் ஒரு தெருவுக்கு அது சிறிய வசதி அன்று. பெட்டி வைத்திருக்கும் வீடும் டிஷ்ஷை விட்டுவிட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

கடைசியாக, புதிதாக டிவி வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. டிவிக்குள்ளேயே செயற்கைக்கோள் ட்யூனர் இருக்க வேண்டிய விதத்தை வரையறுத்து, ஐ.எஸ். 18112 என்ற தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் வெளியிட்டது. அத்தகைய டிவியில் டிஷ் வயரை நேரே செருகினால், இலவசச் சேனல்களுக்குத் தனிச் செட்டாப் பாக்ஸ் தேவையில்லை. ஒரு ரிமோட், ஒரு பிளக், உப்பு ஏறுவதற்கு ஒரு பொருள் குறைவு. அதே டிவி ஸ்மார்ட் டிவியாகவும் இருந்தால் ஸ்ட்ரீமிங் பெட்டியும் வேண்டாம். கடையில் டிவியின் அட்டைப்பெட்டி மேல் அச்சிட்ட விவரத்தில், செயற்கைக்கோள் ட்யூனரைக் குறிக்கும் டிவிபி-எஸ்2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். டிவிபி-டி2 என்று மட்டும் இருந்தால் அது தரைவழி ஆன்டெனாவுக்கான ட்யூனர், நமக்கு உதவாது. தனி பாக்ஸ்தான் வாங்குவதென்றால், படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறையான எம்பெக்-4 வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய எம்பெக்-2 பாக்ஸ் மலிவாகக் கிடைத்தாலும், ஃப்ரீ டிஷ்ஷின் சேனல்களில் ஒரு பகுதி அதில் திறக்காது.